வெளுத்த காய்கறி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் இந்தத் தொடரில் ஒரு மீனைச் சாகடித்ததற்கே வாசகர்கள் என்னை நாலு பக்கமும் திட்டித் தீர்க்கிறார்கள். மனுஷரைச் சாகடித்தபோதுகூட இத்தனை பேர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் என்ன செய்யட்டும்? ஆறு சிவப்பு மீன்களில் ஒன்று செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி ஐந்தையாவது காப்பாற்ற முடிகிறதா பார்க்கிறேன்.

இந்த வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. புதுச்சேரியில் மிஷன் வீதிக்குப் பின்புறம் ஒரு சின்ன வீட்டில் இருப்பவர் தனிஸ்லாஸ். பிரெஞ்சு சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தா. ஏழு வருஷமாகத் தற்காலிகம். அவருடைய மேலதிகாரி, முசே கொர்தியே என்ற பிரெஞ்சுக்காரர், ஏப்ரல் மாதம் கொடைக்கானலுக்குக் கிளம்பும்போது, தன் கண்ணாடித் தொட்டியை மீன்களோடு தூக்கி வந்து இவர் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். "இவை நன்றாக இருந்தால் உன் உத்தியோகமும் நன்றாக இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டும் போனார். தனிஸ்லாஸ் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதமாக மீன்களுக்கு ஊழியம் செய்தவள் அவர் மனைவி அகஸ்டினா. உத்தியோகம் நிரந்தரமாவதைப் பற்றி அவளுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அவளுக்கு வேண்டியது ஆரோக்கியம் என்கிற அவள் அண்ணன். வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்யும் குசினிக்காரர். வருஷப் பிறப்பன்று தன் கையால் செய்த கேக்கோடு தங்கை வீட்டுக்கு வந்தவரை, கூடத்தில் அலுவலக நண்பர்கள் உட்கார்ந்திருந்ததால், "பின்பக்கமா வாங்க" என்று அனுப்பிவிட்டார் தனிஸ்லாஸ். ஆரோக்கியம் கேக்கை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனவர்தான், திரும்ப வரவில்லை. அழுது ஓய்ந்த மனைவியிடம் கணவர் ஒரு வாக்குக் கொடுத்தார். "நான் நிரந்தரமாவட்டும். அப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. உன் அண்ணன் தெனமும் வரட்டும்."

ஆகவே அவளைப் பொறுத்தவரை, மீன் பிழைத்தால் அண்ணன் வருவார். இதோ வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. முசே கொர்தியே மலையிலிருந்து திரும்பிவிட்டார், சாயங்காலம் ஐந்து மணிக்கு மீன்களைப் பார்க்க வருகிறார் என்று பியூன் நேற்றே வந்து சொல்லிவிட்டான்.

அகஸ்டினா கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் கஞ்சித் தண்ணீராக இருந்தது. நீள வால் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேலே மிதந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

"என்னாங்க, இன்னொன்னும் சாஞ்சிடுச்சி."

தனிஸ்லாஸ் முகத்தில் சவர சோப்போடு ஓடி வந்தார்.

"எது?"

"நீள வாலு. மதாமுக்கு ரொம்பப் புடிச்சதுன்னு சொன்னீங்களே, அது."

"நேத்து இன்னா குடுத்த?"

"நீங்க சொன்னதுதான். முள்ளங்கி துருவிப் போட்டேன். முந்தாநாளு வெண்பூசணி."

"திங்கலையா?"

"வாயில வாங்குது, துப்புது. திருப்பி வாங்குது, திருப்பித் துப்புது. மூணு வாரமா இதையேதான சொல்லிட்டிருக்கேன்."

பிரான்சிலிருந்து வந்த தகர டப்பா மீன் தீனி ஜூன் நடுவிலேயே தீர்ந்து போயிருந்தது. அதற்குப் பிறகு என்ன கொடுப்பது என்று முசேயின் மனைவி மதாம் கொர்தியே ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். அதைத் தனிஸ்லாஸ் தொட்டிக்கு அடியிலிருந்து எடுத்து, சோப்பு சொட்டச் சொட்ட மறுபடி படித்தார்.

"லெகூம் பிளான்ஷி. தெளிவா எழுதியிருக்கு. லெகூம்னா காய்கறி. பிளான்னா வெள்ளை. பிளான்ஷின்னா வெள்ளையானது. வெள்ளைக் காய்கறி. இதுல இன்னா சந்தேகம்? நீதான் சரியாத் துருவல."

"துருவினேங்க. கை தேஞ்சி போற அளவுக்குத் துருவினேன்."

"மீன் செத்துச்சின்னா என் ஏழு வருஷமும் செத்துச்சி. ஞாபகம் வெச்சிக்க."

அவர் முகம் கழுவிக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆண்களுக்கு இதுவொரு வசதி. எந்தக் கஷ்டமாக இருந்தாலும் ஒன்பது மணிக்கு அலுவலகம் திறந்துவிடுகிறது.

அகஸ்டினா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்தான் உட்கார முடிந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்தான். குசினியில் அலசாத சங்கரா மீன் முறத்தில் கிடந்தது. ஒரு மீனுக்குச் சமைத்துப் போட்டாள், ஒரு மீனைச் சமைத்தாள். இரண்டுக்கும் சேர்த்து அவளுக்கு இருந்தது ஒரே முதுகு.

வாசலில் கீரைக்காரி சின்னப்பொண்ணு கூடையை இறக்கினாள். லாஸ்பேட்டைக் கொல்லையிலிருந்து நடந்தே வருகிறவள்.

"இன்னிக்கும் முள்ளங்கிதானம்மா? மூணு வாரமா வெள்ளை வெள்ளையாவே வாங்குறியே, வூட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

மீனுக்கு என்று சொல்ல அகஸ்டினாவுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆமா. கொஞ்சம் சரியில்ல."

"அப்ப வைத்தியரப் பாரும்மா. முள்ளங்கியப் போய்ப் பாத்துட்டு."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அகஸ்டினா அங்கேயே நின்றுவிட்டாள். வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்கு இந்த ஊரில் வைத்தியர் யாரென்று அவளுக்குத் தெரியாதா? மூன்று வாரமாகவே தெரியும். கணவர் மூஞ்சியைத் தூக்குவாரே என்று சும்மா இருந்தாள். இனிமேல் சும்மா இருக்க அவளுக்குத் தெம்பு இல்லை. சங்கராவைக் குழம்பில் போட்டு இறக்கிவிட்டு, காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டி பிடித்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி அண்ணன் வேலை செய்யும் வெள்ளைக்காரத் தெருவுக்குப் போனாள். குமாஸ்தா மனைவி என்பதற்காக அந்தப் பெரிய வீட்டின் முன்வாசலை யாரும் அவளுக்குத் திறந்துவிடப் போவதில்லை. சந்துக்குள் போய்ப் பின்கதவைத் தட்டினாள்.

ஆரோக்கியம்தான் திறந்தார். வெள்ளைக் கோட்டு, இடுப்பில் துணி, நெற்றியில் வேர்வை. ஆறு மாதத்தில் காதோரம் நரைத்திருந்தது.

"அகஸ்தி?" என்றார். "வூட்ல யாருக்கு இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல அண்ணே. மீனுக்குத்தான்."

சொன்னதும் அவளுக்கே அழுகையாக வந்தது. ஆறு மாதம் கழித்து அண்ணனைப் பார்க்கிறாள், வாயில் வருவது மீன். எல்லாவற்றையும் கொட்டினாள். தொட்டி, டப்பா, முள்ளங்கி, ஐந்து மணி. கடைசியில் காகிதத்தை நீட்டினாள்.

ஆரோக்கியத்துக்குப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துப் படித்தார். படித்ததும் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

"இத யாரு வெள்ளைக் காய்கறின்னு சொன்னது?"

"அவருதான்."

"பிளான்ஷின்னா வெள்ளையில்ல அகஸ்தி. குசினி பாஷை. காய கொதிக்கிற தண்ணியில போட்டு, பச்சை வாசனை போனதும் எடுத்து, ஒடனே பச்சத் தண்ணியில போடறது. காய் மெத்துனு ஆயிடும். நான் தெனம் பத்து வாட்டி செய்றேன். பச்ச முள்ளங்கிய அந்தச் சின்ன வாயால எப்பிடிக் கடிக்கும்?"

"அப்ப அவரு படிச்சது?"

"அவரு பள்ளிக்கூடத்துல படிச்சாரு. இது அடுப்பண்ட படிக்கிறது." சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சலவைக்காரரக்கூட பிளான்ஷிசேர்னுதான் சொல்லுவாங்க. சவுக்காரம் போட்டு வெளுக்கச் சொல்லாம வுட்டாரே, அதுக்கே அந்த மீனுங்க மெழுகுவத்தி ஏத்தணும்."

அகஸ்டினாவும் சிரித்தாள். எத்தனை நாளைக்கப்புறம் சிரிக்கிறோம் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

"நான் போய் அந்த மாதிரியே செஞ்சிடறேன் அண்ணே."

"நீ செஞ்சா பத்தாது. தண்ணி கெட்டுக் கெடக்குது. ரெண்டு மணிக்கு இவங்க சாப்பிட்டு எழுந்திடுவாங்க. அஞ்சு மணி வரைக்கும் எனக்கு வேலையில்ல. நான் வரேன்." கதவைப் பாதி சாத்தியவர் மறுபடி திறந்தார். "எந்தப் பக்கமா வரணும்னு மட்டும் சொல்லிடு."

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"தெருப்பக்கமா வா. நான் கதவத் தெறந்து வெச்சிருக்கேன்."

இரண்டரை மணிக்கு ஆரோக்கியம் வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"பெங்களூர்ப் பட்டாணி. எங்க மதாமக் கேட்டுத்தான் எடுத்தாந்தேன். எதுக்குன்னாங்க. என் தங்கச்சி வூட்ல அஞ்சு பேருக்கு ஒடம்பு சரியில்லன்னேன்."

முதலில் கரண்டியால் தொட்டியின் அடியில் அழுகிக் கிடந்த முள்ளங்கியை எல்லாம் அள்ளினார். பாதித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு வெளியே ஊற்றினார். கிணற்றுத் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றப் போன தங்கையைத் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். "மனுஷன் மேல கொட்டினாலே தூக்கிப் போடும். அது மீனு."

பிறகு குசினி. அரைக்கீரையின் இலையை மட்டும் கிள்ளிக் கொதிநீரில் போட்டு, பத்து எண்ணி எடுத்து, பச்சைத் தண்ணீரில் போட்டார். பட்டாணிக்கு இருநூறு எண்ணச் சொன்னார். அகஸ்டினா நூற்று முப்பதில் தூங்கி விழுந்தாள்.

"ஏ புள்ள, நீ போய்ப் படு."

"வேணாம் அண்ணே. நீ இருக்கும்போது தூங்கினா நஷ்டந்தான்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வெந்த பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை உரித்தார்கள். தோல் மீனுக்குச் செரிக்காதாம். உள்ளிருக்கும் பருப்பை நசுக்கிக் கீரையோடு சேர்த்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு சிட்டிகை உதிர்த்துப் பிசைந்தார்.

"உப்பு?" என்று அகஸ்டினா பழக்கத்தில் கேட்டாள்.

"மீனு கொழம்பு வைக்கல. மீனுக்கு வைக்கிறோம்."

"அண்ணே, உனக்கு எங்க மேல கோவமே இல்லியா?"

அவர் கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தார்.

"இருந்துச்சி. ரெண்டு மாசம் இருந்துச்சி. அப்பறம் ஒரு நாளு கோவில்ல ஒன்ன தூரத்துல பாத்தேன். கறுத்து, எளச்சி, கன்னம் ஒட்டிப் போயி. என் கோவத்த நீதான் தின்னு தீத்தியோன்னு தோணுச்சி. அதோட வுட்டுட்டேன்."

அகஸ்டினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பட்டாணிதான் கண்ணில் தெறித்தது என்று சொல்லவும் அவளுக்குச் சோம்பலாக இருந்தது.

மூன்றரை மணிக்கு ஒரு சிட்டிகை பிசைந்ததைத் தொட்டியில் விட்டார்கள். நாலு மீன்கள் கிட்டே வந்து முகர்ந்தன. ஒன்று வாயில் வாங்கியது. அகஸ்டினா அது துப்பும் என்று காத்திருந்தாள். துப்பவில்லை. மற்ற மூன்றும் வந்து மொய்த்தன. கடைசியாக நீள வால் மீன், சாய்ந்தபடியே, ஒரு செவுளை மேலே காட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து ஒரு துணுக்கைக் கவ்வியது.

"தின்னுடுச்சி!" என்று அவள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மீன் ஒரு பட்டாணித் துணுக்கைத் தின்றதற்கு மனுஷருக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று கேட்காதீர்கள். மூன்று வாரம் நீங்கள் துருவிப் பாருங்கள், தெரியும்.

நாலே முக்கால் மணிக்கு நீள வால் ஏறக்குறைய நேராகிவிட்டது. அந்த நேரத்துக்குத்தான் தனிஸ்லாஸ் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார். தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். ஐந்து மீன்களை இரண்டு தரம் எண்ணினார். அப்புறம்தான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

"இவரு எப்ப..."

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் அகஸ்டினா. "பிளான்ஷின்னா வெள்ளையில்லீங்களாம். கொதிதண்ணியில போட்டு எடுக்கறதாம்."

தனிஸ்லாஸின் காது சிவந்தது.

"இலக்கணப்படி நான் சொன்னதுதான் சரி."

"இலக்கணம் தெரிஞ்ச மீனு செவ்வாய்க்கெழமயே செத்துடுச்சி."

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் இப்படிப் பதில் சொன்னதில்லை. தனிஸ்லாஸுக்குச் சண்டை போட நேரமில்லை. குரலைத் தாழ்த்தி, ஆரோக்கியத்தின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "முசே வர்ற நேரம். கொஞ்ச நேரம் குசினியில இருந்தா நல்லாருக்கும்."

ஆரோக்கியம் தலையாட்டிவிட்டுப் பிசைந்த தீனி இருந்த தட்டை எடுத்தார். அகஸ்டினா அவர் கையைப் பிடித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தெருவில் மோட்டார் வந்து நின்றது. முசே கொர்தியே பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே நுழைந்துவிட்டார்.

நல்ல உயரம், வெயிலில் பழுத்த முகம். நேரே தொட்டிக்குப் போய்க் குனிந்தார்.

"ஆறு இல்லையா?" என்றார் பிரெஞ்சில்.

"ஒன்றுக்கு வயதாகிவிட்டது முசே," என்றார் தனிஸ்லாஸ்.

"நீள வால் இருக்கிறதே, அது போதும். என் மனைவி மலையில் தினம் இதைப் பற்றித்தான் பேசினாள்." நிமிர்ந்தவர் தட்டில் இருந்த பச்சை விழுதைப் பார்த்தார். விரலில் தொட்டுப் பார்த்தார். "தோல் உரித்த பட்டாணி! பிரமாதம். யார் செய்தது?"

"எங்கள் சமையற்காரர், முசே."

ஏழு வருஷமாக நிரந்தரம் ஆகாதவர் வீட்டில் சமையற்காரர் ஏது என்று முசே யோசித்தாரோ என்னவோ. அகஸ்டினா யோசித்தாள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் அவள் மூன்று வகுப்புதான் படித்தாள். இந்தப் பிரெஞ்சைப் புரிந்துகொள்ள அது போதும். அவளுக்குக் கோபம் வந்தது. களைப்பு மீறிய கோபம், பயமே இல்லாத கோபம்.

"மோன் ஃப்ரேர், முசே," என்றாள் சத்தமாக. "என் அண்ணன்."

தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டார். முசே கொர்தியே புருவத்தை உயர்த்தி, ஆரோக்கியத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"சைகோனில் சுங்க இலாகாவில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் அண்ணனா? உங்கள் கணவர் அடிக்கடி சொல்வாரே. எப்போது வந்தார்?"

சைகோன்! அகஸ்டினா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வருஷப் பிறப்பன்று மட்டும் அல்ல, எத்தனையோ காலமாகவே அவளுடைய அண்ணனை இந்த மனுஷர் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார். இப்போது ஆரோக்கியம் ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும். உத்தியோகமும் இல்லை, மானமும் இல்லை.

ஆரோக்கியம் ஈரக் கையைத் துணியில் துடைத்தார். தங்கையின் ஒட்டிய கன்னத்தை ஒரு தரம் பார்த்தார்.

"லா செமேன் தெர்னியேர், முசே," என்றார். போன வாரம் வந்தாராம். வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் இருபது வருஷம் கேட்ட பிரெஞ்சு, தனிஸ்லாஸின் பிரெஞ்சைவிட வழுவழுப்பாக வந்தது. "சமையல் எனக்குப் பொழுதுபோக்கு. அதைத்தான் மாப்பிள்ளை கேலி செய்கிறார்."

முசே கொர்தியே உரக்கச் சிரித்துக் கையை நீட்டினார். ஆரோக்கியம் குலுக்கினார். அண்ணன் அண்ணன் என்று ஆறு மாதம் தவித்தாள் அகஸ்டினா. அண்ணனும் வந்தார், அவள் பொருட்டுத் தன்னையே இல்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

"ஞாயிற்றுக்கிழமை இரவு என் வீட்டில் விருந்து," என்றார் முசே. "நீங்கள் மூன்று பேரும் அவசியம் வர வேண்டும். சைகோன் சுங்கத்தில் பத்து வருஷம் இருந்த என் நண்பர் ஒருவர் வருகிறார், உங்களுக்குப் பேச நிறைய இருக்கும். தனிஸ்லாஸ், உன் நிரந்தரக் கடிதத்தை அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

மோட்டார் போய்விட்டது. தனிஸ்லாஸ் வாசற்கதவைச் சாத்தினார். சட்டென்று உள்ளறைக்குப் போய்த் தன் கறுப்புக் கோட்டை எடுத்து வந்து, ஆரோக்கியத்தின் தோளுக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்தார்.

"மச்சான்," என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது இதுதான் முதல் தடவை.

"மச்சான், தோளு கொஞ்சம் புடிக்கும். தையல் பிரிச்சி வுட்டா சரியாயிடும். ஒரே ஒரு ராத்திரிதான். உங்க தங்கச்சிக்காக."

ஆரோக்கியம் கோட்டை விலக்கவில்லை, வாங்கவுமில்லை. இடுப்புத் துணியை அவிழ்த்து நாலாக மடித்தார்.

"அது முடியாது மாப்ள. மலையிலேர்ந்து வந்தவங்களுக்கு ஆளு கெடைக்கலன்னு, நாளையிலேர்ந்து ஞாயித்துக்கெழம வரைக்கும் என்னை எரவல் குடுத்திருக்காங்க எங்க மதாம். இன்னிக்குக் காலையிலதான் சொன்னாங்க. முசே விருந்துன்னதும்தான் எந்த வூடுன்னு எனக்கே புரிஞ்சிது." தனிஸ்லாஸுக்கு இன்னும் புரியவில்லை என்று தெரிந்து, பொறுமையாகச் சொன்னார். "முசே கொர்தியே வூட்டு விருந்துக்குச் சமைக்கிறதே நான்தான்."

அகஸ்டினா கூடத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.